குறட்டையே இல்லையே, பிறகு எதற்கு ஸ்லீப் ஸ்டடி?

ஒரு அம்மா கேட்டிருந்தார். மகளுக்கு மூன்றரை வயது, டவுன் சிண்ட்ரோம். பிறக்கும்போது இருந்த இதய ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைத்தாகிவிட்டது. இப்போது குழந்தை மருத்துவர், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க, இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தை குறட்டை விடுவதில்லை. படுத்தால் காலை வரை எழுவதும் இல்லை. "நல்லா தூங்குற புள்ளைக்கு எதுக்கு ஒயரைக் கட்டணும்" என்கிறார் மாமியார். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை இரவில் விரலில் மாட்டிப் பார்த்தால் போதாதா? டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

போதாது. டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். வருகிறவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்துவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தூங்குவதை விடிய விடியப் பார்ப்பது என் வேலை. அதனால் மருந்து, ஆபரேஷன் பற்றிய முடிவுகளை உங்கள் டாக்டரிடமே விட்டுவிடுகிறேன். தூக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியும்.

"குறட்டை இல்லை, நன்றாகத் தூங்குகிறாள்" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். ஆனால் அதை வைத்து டெஸ்ட் வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2006இல் வெளியானது. பெற்றோரிடம் முதலில் குழந்தையின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். 69 சதவீதம் பேர் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளுக்கு டெஸ்ட் செய்தபோது 54 சதவீதம் பேருக்குக் கோளாறு இருந்தது. பாதிக்கும் மேல்! காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்கும் பெற்றோரைக் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆகிவிட்டது. டெஸ்ட்டில் பங்கேற்ற எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் 57 சதவீதம் பேருக்குக் கோளாறு.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011இல், டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் நான்கு வயதுக்குள் ஒரு தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னது. 2022இல் அதைப் புதுப்பித்தபோது மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் என்று இன்னும் இறுக்கமாகச் சொன்னார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் என்பதுதான் முக்கியம், குறட்டை விடுகிறவர்களுக்கு மட்டும் என்று இல்லை. உங்கள் டாக்டர் எழுதியதும் இதன்படிதான். அவர் உங்கள் மகளிடம் எதையோ கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறாரோ என்று பயப்பட வேண்டாம். அதே சமயம், அறிகுறி கண்ணுக்குத் தெரிந்தால் மூன்று வயது ஆகட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. கைக்குழந்தையாக இருந்தாலும் அப்போதே கேட்க வேண்டும்.

சரி, பெற்ற தாயின் கண்ணுக்கு ஏன் தெரியாமல் போகிறது? இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

தூக்கத்தில் மூச்சு அடைபடுவது குழந்தைகளுக்கு இரவு முழுக்க ஒரே மாதிரி நடக்காது. பெரும்பாலும் கனவு காணும் தூக்கத்தில், ரெம் தூக்கம் என்பார்களே, அதில்தான் நடக்கும். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும், தொண்டைத் தசைகளும் சேர்த்து. ரெம் தூக்கம் அதிகம் வருவது இரவின் கடைசிப் பகுதியில், விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்தரை வரை. நீங்கள் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு பத்து மணிக்குப் பார்க்கிறீர்கள், பதினொன்றுக்குப் போர்வையைச் சரி செய்கிறீர்கள். அப்போது அது அழகாகத் தூங்கும். மூன்று மணிக்கு நீங்களே அசந்து தூங்குவீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள்.

அப்புறம் சத்தம். குறட்டை என்பது காற்று நெருக்கிக்கொண்டு போகும்போது தசை அதிர்ந்து வரும் ஒலி. வழி முழுசாக அடைத்துவிட்டால் காற்றே போகாது, சத்தமும் வராது. மோசமான நிமிடங்கள்தான் அமைதியாக இருக்கும். ஃபேன் சத்தத்தில் லேசான குறட்டை இருந்தாலும் காதில் விழாது.

மூன்றாவது, "படுத்தால் காலை வரை எழுந்திருப்பதில்லை" என்பது. மூச்சு அடைத்தால் பெரியவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். குழந்தைகள் அவ்வளவு சீக்கிரம் விழிப்பதில்லை. மூச்சுக்குப் போராடிக்கொண்டே தூக்கத்தைத் தொடர்வார்கள். அதைத்தான் வெளியிலிருந்து பார்க்கும் நாம் ஆழ்ந்த தூக்கம் என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். ஐந்து வயது, தாராபுரம் பக்கம். கூட வந்த பாட்டிக்கு அவன் தூங்கும் விதத்தில் ஒரே பெருமை. "எம் பேரன் சாமி கும்பிட்டுக்கிட்டேதான் தூங்குவான் சிஸ்டர்" என்றார். எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஒன்பதரைக்குத் தூங்கினான், மல்லாந்துதான் படுத்திருந்தான். இரண்டே முக்காலுக்கு ரெம் தூக்கம் ஆரம்பித்தது. திரையில் மூக்குக் காற்றின் கோடு சிறுத்துக்கொண்டே வந்து தட்டையாகிவிட்டது. நெஞ்சில் கட்டிய பட்டையும் வயிற்றில் கட்டிய பட்டையும் மட்டும் அசைகின்றன. அதுவும் எதிரெதிராக, வயிறு மேலே எழும்போது நெஞ்சு உள்ளே போகிறது. மூடிய கதவைத் தள்ளுவது போல உடம்பு மூச்சை இழுத்துப் பார்க்கிறது. ஆக்ஸிஜன் 97இல் இருந்து இறங்கி இறங்கி 84க்கு வந்தது. அப்போது கேமராவில், பையன் கண்ணைத் திறக்காமலேயே எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முன்னால் மடிந்து நெற்றியை மெத்தையில் வைத்துக்கொண்டான். காற்றின் கோடு திரும்பி வந்தது, ஆக்ஸிஜனும் 96.

அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கிறது, முன்னால் மடிந்தால் நாக்கும் முன்னால் வந்து வழி விடுகிறது. தூக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அன்றிரவு இதையே பதினோரு முறை செய்தான். ஒரு தடவைகூடக் குறட்டை என்று சொல்லும்படி சத்தம் வரவில்லை. காலையில் வீடியோவைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பாட்டி பேசவே இல்லை, பேரனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

உங்கள் மகள் எப்படிப் படுக்கிறாள் என்று கவனியுங்கள். உட்கார்ந்தபடி மடிந்து தூங்குவது, குப்புற முழங்காலிட்டுப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு தூங்குவது, கழுத்தை வில் மாதிரி பின்னால் வளைத்துத் தூங்குவது, இரண்டு மூன்று தலையணை வேண்டும் என்று அடம் பிடிப்பது எல்லாம் எங்களுக்கு மணி அடிக்கும் விஷயங்கள். மார்கழியிலும் தலையணை நனைய வியர்ப்பது, வாயைத் திறந்தே தூங்குவது, படுக்கையில் புரண்டு புரண்டு கட்டிலைச் சுற்றி வருவது, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, இவையும் அப்படியே. பகலில் இந்தப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல பேர் நேர்மாறாகத் துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவார்கள், சீக்கிரம் எரிச்சல் படுவார்கள். "டவுன் சிண்ட்ரோம் இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலும் பள்ளியிலும் அதை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் கோபம் வரும்.

தூளிப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். தூளியில் கழுத்து முன்னால் மடங்கும், மடங்கினால் மூச்சு வழி குறுகும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியவும் செய்யாது. இந்தக் குழந்தைகளைத் தரையிலோ கட்டிலிலோ படுக்க வைத்துப் பழக்குவது நல்லது.

இவர்களுக்கு ஏன் இது இவ்வளவு அதிகம் என்றால், முகத்தின் நடுப்பகுதி எலும்புகள் சிறியவை. மூக்குக்குப் பின்னால் இடம் குறைவு, அண்ணம் குறுகல். நாக்கு பெரிசு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் நாக்கு ஏறக்குறைய சாதாரண அளவுதான், அதை வைத்துக்கொள்ளும் வாய் சின்னது. ஆறு பேர் இருக்கும் வீட்டுச் சாமானை ஒற்றை அறைக்குள் அடைத்த மாதிரி. டான்சிலும் அடினாய்டும் (இதைத்தான் மூக்கில் சதை என்பார்கள்) பெரிதாக வீங்க வேண்டும் என்பதே இல்லை, சுமாரான அளவே வழியை அடைக்கப் போதும். இதற்கு மேல் தசைத் தளர்ச்சி. விழித்திருக்கும்போதே தளர்வாக இருக்கும் தொண்டைத் தசை, தூங்கும்போது இன்னும் தொய்ந்துவிடும். தைராய்டு குறைவோ உடல் எடையோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மற்ற குழந்தைகளில் 100க்கு 1 முதல் 5 பேருக்கு வரும் கோளாறு, இவர்களில் பாதிப்பேருக்கு வருவது இதனால்தான்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். இதயத்தில் ஆரம்பியுங்கள். அதற்காக ஒருமுறை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த குடும்பம் உங்களுடையது. ஆக்ஸிஜன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இரவு இரவாக இது நடந்தால் அங்கே ரத்த அழுத்தம் ஏறும், இதயத்தின் வலது பக்கத்துக்கு வேலை கூடும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள், நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து இவர்களுக்கு ஏற்கெனவே அதிகம். அவ்வளவு கஷ்டப்பட்டுச் சரிசெய்த இதயத்தை இரவில் சிரமப்படுத்த வேண்டாம் என்றால் பெரியவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று படிப்பும் பேச்சும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 38 குழந்தைகளை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தவர்களின் மொழி சார்ந்த அறிவுத்திறன் மதிப்பெண், தடை இல்லாதவர்களைவிடச் சராசரியாக 9 புள்ளி குறைவு. சின்ன ஆய்வுதான். மூச்சுத் தடையால்தான் குறைந்தது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் ஸ்பீச் தெரபிக்கு பஸ் ஏறி இறங்குகிற அம்மாக்களைப் பார்க்கும்போது இந்த 9 எனக்கு ஞாபகம் வரும். ஒரு சொல்லுக்காக அவர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

இனி அந்த ஆக்ஸிமீட்டர். கடையில் வாங்கிய விரல் கிளிப் அந்த நொடியின் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பல கருவிகளில் பதிவு வசதி கிடையாது. பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் மூன்றரை வயது விரலில் நிற்காது, நழுவி 70 என்று காட்டி உங்களை அலற வைக்கும். நீங்கள் பார்க்கும் நேரத்தில் 98 என்றால் அந்த நேரத்தில் 98, மூன்றரை மணிக்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பதிவு ஆக்ஸிமீட்டர் வேறு. கால் கட்டை விரலில் ஒட்டி, இரவு முழுக்க இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சேமித்து வைக்கும். காலையில் கோட்டை விரித்துப் பார்த்தால், கொத்துக் கொத்தாக இறங்கி ஏறும் பள்ளங்கள் தெரியும். பிரிட்டனில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு வீட்டிலேயே இப்படிப் பதிவு செய்து முதல் சல்லடையாகப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் ஸ்லீப் லேப் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. பள்ளங்கள் தெரிந்தால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், உடனே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பள்ளம் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று மட்டும் நினைக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு ஆக்ஸிஜன் பெரிதாக இறங்காது, கரியமில வாயு மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிலருக்கு ஒவ்வொரு தடையிலும் மூளை ஒரு நொடி விழித்துத் தூக்கம் துண்டு துண்டாகும். இதெல்லாம் ஆக்ஸிமீட்டர் கண்ணில் படாது. இதயக் குறையால் ஆக்ஸிஜன் எப்போதுமே குறைவாக இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு இன்னும் குழம்பும்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவி மொபைல்தான். விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் முகமும் ஒரே காட்சியில் தெரியும்படி ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். மெல்லிய வெளிச்சம் போதும். டாக்டர் பத்து கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை அதில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். குறட்டையை அளக்கும் ஆப்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கேள்வித்தாள்களும் உண்டு, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அவை நன்றாகப் பிரித்துக் காட்டுவதில்லை. வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சின்ன ஸ்லீப் டெஸ்ட் கருவிகள் பெரியவர்களுக்குச் சரி. குழந்தைகளுக்கு அவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொல்லியிருக்கிறது.

லேபில் என்ன நடக்கும்? ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, வலி கிடையாது. மாலை ஏழரைக்கு வந்தால் எட்டரைக்கு ஒயர் ஒட்ட ஆரம்பிப்போம். தலையில் ஆறேழு, கண்ணோரம் இரண்டு, தாடையில், நெஞ்சில், கால்களில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மெத்தென்ற பட்டை. கால் விரலில் ஆக்ஸிஜன் சென்சார். குழந்தைகள் அழுவது அநேகமாக ஒன்றுக்குத்தான், மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய்க்கு. அதை நான் கடைசியாக, பாதித் தூக்கத்தில் வைப்பேன். ஒருத்தி ஒட்ட ஒட்டப் பிடுங்கினாள். கடைசியில் அவள் பொம்மைக்கும் அவள் அப்பாவுக்கும் தலையில் ஒயர் ஒட்டிய பிறகுதான் சம்மதித்தாள். அந்த அப்பா ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்து வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் தலையில் ஹேர்பேண்ட், வயிற்றில் துப்பட்டா கட்டி, மூக்கின் கீழ் ஒரு நூலை ஒட்டி விளையாடுங்கள். ரொம்ப உதவும். சளி, காய்ச்சல் இருந்தால் போன் செய்து தேதியை மாற்றுங்கள். மூக்கடைப்போடு எடுத்த டெஸ்ட் கோளாறைக் கூட்டிக் காட்டும். ஒரு இரவில் பாதி சென்சாரைப் பிய்த்துப் போட்டாலும் பெரும்பாலும் மீதியை வைத்துப் படிக்க முடியும், நீங்கள் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "குழந்தைக்கான விதிப்படி கணக்குப் போட்டீர்களா?" ஏ.எச்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது அது. பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இருந்தால் சாதாரணம். குழந்தைகளுக்கு 1ஐத் தாண்டினாலே சாதாரணம் இல்லை. 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. எண்ணுகிற முறையே வேறு. பெரியவர்களுக்கு 10 விநாடி நின்றால்தான் கணக்கு, குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. மூன்று வயதில் இரண்டு மூச்சு என்பது ஐந்தாறு விநாடிதான். பெரியவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு லேபிலிருந்து ஏ.எச்.ஐ. 4 என்று போட்டு 'நார்மல்' என எழுதிய ரிப்போர்ட்டோடு ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. அதை நம்பி ஒன்றரை வருடம் சும்மா இருந்திருக்கிறார்கள். திரும்ப எடுத்தபோது 14. கரியமில வாயுவை அளந்தார்களா என்பதையும் கேளுங்கள். தூங்கும் நேரத்தில் கால்பங்குக்கு மேல் அது 50 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி இருந்தால், ஏ.எச்.ஐ. குறைவாக இருந்தாலும் மூச்சு போதவில்லை என்று பொருள்.

கோளாறு இருந்தால் என்ன செய்வார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது டாக்டர்கள் பேச வேண்டியது. நடுத்தரம், கடுமை என்றால் வழக்கமாக முதலில் டான்சிலும் அடினாய்டும் எடுப்பார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போதும் ஆபரேஷனின்போதும் கழுத்தை அதிகம் வளைக்கக் கூடாது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும்தான், இருந்தாலும் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு என்று அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அன்றிரவு கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரண்டு, ஆபரேஷன் முடிந்ததால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் தீர்த்துவிடும். இவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மிச்சம் இருக்கும், ஏனென்றால் நாக்கும் எலும்பும் தசைத் தளர்ச்சியும் அங்கேயே இருக்கின்றனவே. சில மாதம் கழித்து இன்னொரு டெஸ்ட் அவசியம். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மிச்சம் இருந்தால் சி-பாப் முகமூடி (காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சு வழியைத் திறந்தே வைக்கும் கருவி), லேசானதாக இருந்தால் மூக்கு ஸ்பிரே, மருந்து, எடைக் குறைப்பு, தைராய்டைச் சரிபார்ப்பது என்று வழிகள் உண்டு. சி-பாப் போட மாட்டாள் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பகலில் டிவி பார்க்கும்போது முகமூடியை மட்டும் இரண்டு நிமிடம் வைத்து, அப்புறம் ஐந்து நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போய், இரண்டு மாதத்தில் பழகிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் இப்போது நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கை முன்னால் தள்ளும் நரம்பைத் தூண்டுகிறார்கள். 10 முதல் 22 வயது வரையான 42 பேருக்குப் பொருத்திப் பார்த்த முடிவுகள் 2022இல் வந்தன, ஏ.எச்.ஐ. சராசரியாக 12.9 குறைந்திருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2023இல் அங்கே அனுமதியும் கொடுத்தார்கள். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு இது தேவைப்படாத பேச்சு, ஆனால் அவள் வளரும்போது காலமும் வளரும்.

டெஸ்ட் சுத்தமாக நார்மல் என்று வந்தாலும் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்காதீர்கள். மூன்றரை வயதில் இல்லாதது எட்டு வயதில் அடினாய்டு வளர்ந்தோ, பதின்மூன்று வயதில் எடை கூடியோ, தைராய்டு குறைந்தோ வரலாம். நல்ல பிள்ளையாக இருந்தவள் திடீரென்று பள்ளியில் பின்தங்கினால், குணம் மாறினால், முதலில் தூக்கத்தைச் சந்தேகியுங்கள். வருடா வருடம் தைராய்டு பார்க்கும்போது தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

செலவு இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள டி.ஈ.ஐ.சி. மையத்தில் (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் இடம்) குழந்தையைப் பதிந்திருந்தால் அங்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், 1 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இதற்கு இடமுண்டா என்று அட்டையோடு விசாரியுங்கள்.

வெறும் வயிறு வேண்டாம். வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்துத்தான் கூட்டி வர வேண்டும், படுக்கும் முன் பால் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் கொடுக்கலாம். மதியத் தூக்கம் எப்போதும்போல இருக்கட்டும், ஆனால் அன்று டீ, காபி மட்டும் வேண்டாம். காலையில் தலைக்குக் குளிக்க வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று எண்ணெய் தேய்த்துச் சீவி, பூ வைத்துக் கூட்டி வருவார்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது, நான் அரை மணி நேரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பேன். கால் விரலில் நெயில் பாலிஷ் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவள் எதைக் கட்டிக்கொண்டு தூங்குவாளோ அதைக் கொண்டு வாருங்கள், உங்கள் பழைய சேலையாக இருந்தாலும் சரி. பெரும்பாலான இடங்களில் கூட ஒருவர்தான் தங்க முடியும். மாமியார் வருகிறேன் என்றால் அவரையே தங்கச் சொல்லுங்கள்.